தண்ணீரைக் குறைத்தால் மணக்கும் மரு

சென்ற ஆண்டு நான் ஒரு செடியைக் கொன்றுவிட்டேன். பூச்சி அரிக்கவில்லை, வெயிலில் கருகவுமில்லை. தினமும் காலையில் தவறாமல் தண்ணீர் ஊற்றியே கொன்றேன்.

காத்தோங் வட்டாரத்தில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டு வாசலில் சில தொட்டிகள் வைத்திருக்கிறேன். அவற்றில் புதிதாக வந்து சேர்ந்தது மரு. ஆங்கிலத்தில் ஸ்வீட் மார்ஜொரம் என்று சொல்லப்படும் செடி. மூன்றாம் வாரம் அடி இலைகள் மஞ்சளாகின, நுனி வாடித் தொங்கியது. தாகமாக இருக்கும் என்று நினைத்து மாலையிலும் ஒருமுறை ஊற்றினேன். நான்காம் வாரம் தொட்டதுமே செடி சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்து, சேற்று நாற்றம் அடித்தது.

இரண்டடி தள்ளி, அதே தண்ணீரைக் குடித்து, லக்சா இலைச் செடி தொட்டி வழிய வளர்ந்து நின்றது. ஒரே வாசல், ஒரே வெயில், ஒரே ஆள். ஒன்று செழிக்கிறது, ஒன்று சாகிறது. அறிவியல் பாடம் நடத்துகிற எனக்கே இது ஒரு கேள்வியாகிவிட்டது. விடையைத் தேடிப் போனபோது கிடைத்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், எது மரு?

தேக்கா பக்கம் போகும்போது பூக்கடையில் தொங்கும் கதம்பச் சரத்தைக் கவனித்திருப்பீர்கள். பூக்களுக்கு நடுவே மணமுள்ள பச்சை இலைகளையும் வைத்துக் கட்டியிருப்பார்கள். "இது என்ன இலை?" என்று கேட்டால் ஒருவர் மரு என்பார், ஒருவர் மரிக்கொழுந்து என்பார், இன்னொருவர் தவனம் என்பார். மூன்றும் ஒன்றா?

இல்லை. மரு அல்லது மருவு என்பது ஒரிகானம் மேஜோரானா. துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் சேர்ந்த துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மரிக்கொழுந்து, தவனம் என்று பெரும்பாலும் விற்கப்படுவது ஆர்ட்டெமிசியா பேலன்ஸ். அது சூரியகாந்திக் குடும்பம். ஆனால் ஊருக்கு ஊர் பெயர்கள் இடம் மாறுகின்றன. மருவையே மரிக்கொழுந்து என்று சொல்பவர்களும் உண்டு.

குழப்பத்தைத் தீர்க்க உங்கள் விரல்களே போதும். தண்டை இரு விரலால் உருட்டிப் பாருங்கள். நான்கு பட்டையாக, சதுரமாகத் தட்டுப்பட்டால் துளசிக் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். மருவின் இலை சிறியது, முட்டை வடிவம், மெல்லிய வெல்வெட் துணி போன்ற ரோமம் கொண்டது, இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். தவனத்தின் இலையோ இறகுபோல ஆழமாகப் பிளவுபட்டிருக்கும்.

ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் மருவுக்கு ஒரிகானம் மேஜோரானா என்ற இருசொல் பெயரைக் கொடுத்தார். அறிவியல் பெயர்களை மனப்பாடம் செய்ய உங்களுக்கு அலுப்பாக இருக்கலாம். ஆனால் சமையலுக்கு என்று ஒரு செடியை வாங்கும்போது பெயர் மாறினால் செடியே மாறிவிடும். தொட்டியில் செருகியிருக்கும் அட்டையில் அந்த இரண்டு சொற்களையும் தேடிப் படிப்பது நல்ல பழக்கம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: பூக்கடை இலை மாலை கட்டுவதற்காக வளர்க்கப்பட்டது. அதன்மீது என்ன மருந்து தெளித்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. அதைச் சமையலில் போடாதீர்கள்.

மணம் இலையில் எங்கே இருக்கிறது?

மருவின் இலையைத் தொடாமல் முகர்ந்தால் மணம் மெல்லியதாகத்தான் வரும். கசக்கியதும் அறையே மணக்கும். காரணம், இலையின் மேற்பரப்பில் இருக்கும் மிகச் சிறிய சுரப்பிகள். ஒவ்வொன்றும் மெல்லிய தோலால் மூடிய எண்ணெய்க் குமிழ். கசக்கும்போது தோல் கிழிந்து எண்ணெய் வெளியே வருகிறது. அது எளிதில் ஆவியாகும் எண்ணெய் என்பதால் உடனே காற்றில் கலந்து உங்கள் மூக்கை எட்டுகிறது.

செடி இந்த எண்ணெயை நமக்காகச் செய்யவில்லை. நகர்ந்து ஓட முடியாத செடிக்கு இது ஓர் ஆயுதம். இலையைக் கடிக்க வரும் பூச்சியின் வாயில் முதலில் உடைவது இந்தக் குமிழ்தான். நமக்கு இனிக்கும் மணம் பல பூச்சிகளுக்கும் நுண்ணுயிர்களுக்கும் பிடிக்காத ஒன்று.

மருவின் புத்திலையில் சாபினீன் ஹைட்ரேட் என்ற சேர்மமும் அதைச் சார்ந்த சேர்மங்களும் மிகுதி. இனிமையான மருவின் தனி மணம் இவற்றால் வருவது. நீராவியில் வடித்து எண்ணெய் எடுக்கும்போது சூட்டில் இதன் ஒரு பகுதி டெர்பினன்-4-ஆல் என்ற வேறு சேர்மமாக மாறிவிடுகிறது. அதனால் போத்தலில் இருக்கும் மரு எண்ணெயின் மணமும் செடியில் இருக்கும் இலையின் மணமும் ஒன்றுபோல இருப்பதில்லை. இதை மறக்காதீர்கள். சமையலறைக்குப் போகும்போது இந்தச் செய்தி நமக்கு உதவும்.

இரண்டும் கடலோரம்தான், ஆனால்...

மருவின் சொந்த ஊர் சைப்ரஸ் தீவும் துருக்கியின் தென்பகுதியும். நடுநிலக் கடலை ஒட்டிய கல் நிறைந்த குன்றுகள். காத்தோங்கும் கடலோர ஊர்தான். 1966இல் தொடங்கிய கிழக்குக் கடலோர நில மீட்புக்கு முன்னால் அலைகள் இங்குள்ள வீடுகளுக்குப் பக்கத்திலேயே வந்துபோயின. கடலோரம் என்பது பொது. மழைதான் வேறு.

சைப்ரஸில் ஓர் ஆண்டுக்குப் பெய்யும் சராசரி மழை ஏறத்தாழ 500 மில்லிமீட்டர். அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். கோடை மாதங்களில் மண் காய்ந்து கிடக்கும். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி 2,100 மில்லிமீட்டருக்கும் மேல், அதாவது நான்கு மடங்குக்கும் அதிகம். இங்கே மழையே இல்லாத பருவம் என்று ஒன்று கிடையாது. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் பல நாள்களில் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

ஈரக்காற்றில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். டிசம்பர் மாதத்தில் துணி காயப் போட்டுப் பாருங்கள். காலையில் மூங்கில் கழியில் மாட்டிய பள்ளிச் சீருடை மாலையிலும் ஈரமாகவே இருக்கும். தொட்டி மண்ணும் அப்படித்தான். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அடியில் ஈரம் தங்கிக்கொண்டே இருக்கும்.

வறண்ட குன்றில் வாழப் பழகிய மரு, தண்ணீரைச் சேமிக்கும் உடலமைப்பைக் கொண்டது. சிறிய இலை, இலையில் ரோமப் போர்வை. இவை நீர் ஆவியாவதைக் குறைக்கின்றன. இப்படிச் சிக்கனமாகச் செலவழிக்கும் செடிக்கு நான் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன்.

மூழ்கிய வேர் ஏன் தாகத்தில் சாகிறது?

என் தவறின் மையம் இங்கேதான் இருக்கிறது. வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையில் உள்ள சின்னச் சின்ன இடைவெளிகளில் காற்று இருக்கும். அதிலிருந்து உயிர்வாயுவை எடுத்து, சர்க்கரையைச் சிதைத்து, சக்தி பெறுகிறது. தண்ணீரையும் தாது உப்புகளையும் உறிஞ்சி மேலே அனுப்ப அந்தச் சக்தி வேண்டும்.

மண் இடைவெளிகள் எல்லாம் தண்ணீரால் நிரம்பினால்? உயிர்வாயு காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், தண்ணீரில் அது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வேருக்கு மூச்சு முட்டுகிறது. சக்தி இல்லாத வேர் தண்ணீருக்குள் நின்றபடியே தண்ணீரை உறிஞ்ச முடியாமல் போகிறது. மேலே இலைகள் வாடுகின்றன, மஞ்சளாகின்றன.

அதாவது, அதிகத் தண்ணீரால் அவதிப்படும் செடியும் தண்ணீர் இல்லாத செடியும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி வாடும். நான் வாடிய இலையைப் பார்த்தேன், மண்ணைத் தொட்டுப் பார்க்கவில்லை. பிறகு பித்தியம் போன்ற நுண்ணுயிர்கள் வந்து வேலையை முடித்தன. இவை பூஞ்சைபோலத் தோன்றினாலும் பூஞ்சை இனம் அல்ல. ஈர மண்ணில் நீந்திச் சென்று நலிந்த வேர்களைத் தாக்கி அழுக வைப்பவை.

லக்சா இலை எப்படித் தப்பித்தது? கெசும் என்று மலாயில் சொல்லப்படும் அந்தச் செடி ஈர நிலத்துக்குச் சொந்தமானது. ஒரு கிளையை ஒடித்துத் தண்ணீர்க் குவளையில் போட்டால்கூடச் சில நாள்களில் கணுவிலிருந்து வேர் விடும். காத்தோங் லக்சாவில் நாம் முகரும் மணம் ஈரத்தில் பிறந்த மணம். மருவின் மணம் வறட்சியில் பிறந்தது. இரண்டுக்கும் ஒரே பராமரிப்பு கொடுத்தது என் பிழை.

நமது ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. 2012இல் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டங்களில் உள்ள ஃபிளவர் டோம் கண்ணாடி மாடத்துக்குப் பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள். நடுநிலக் கடல் பகுதி போன்ற, குளிர்ந்த, வறண்ட இடங்களின் செடிகளுக்காகக் கட்டப்பட்டது அது. அங்கே காற்றைக் குளிரவைப்பதோடு நிற்பதில்லை. குளிரவைப்பதற்கு முன்னால், ஈரத்தை உறிஞ்சும் ஒரு திரவத்தைக் கொண்டு காற்றைக் காய வைக்கிறார்கள். சூட்டோடு ஈரமும் அந்தச் செடிகளுக்கு எதிரி என்பதைப் பொறியாளர்கள் கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

வாசலில் வளர்ப்பது எப்படி?

நம்மிடம் கண்ணாடி மாடம் இல்லை. ஆனால் வேரைச் சுற்றி ஒரு சின்ன வறண்ட குன்றை உருவாக்கலாம்.

தொட்டி: அடியில் நல்ல துளைகள் உள்ள மண் தொட்டி. மண் தொட்டியின் பக்கங்கள் வழியாகவும் ஈரம் ஆவியாகும். பிளாஸ்டிக் தொட்டியில் அது நடக்காது.

மண்: செடி மண் ஒரு பங்கு, பருமணல் அல்லது பெர்லைட் ஒரு பங்கு. பருமணலின் பெரிய துகள்களுக்கு இடையே தண்ணீர் வடிந்து, காற்று தங்கும்.

வெயில்: நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில். ஆனால் மழைச் சாரல் படாத கூரை ஓரம். காற்றோட்டம் முக்கியம் என்பதால் தொட்டிகளை நெருக்கி வைக்காதீர்கள். பொது நடைவழியை அடைத்துவிடவும் கூடாது.

தண்ணீர்: கடிகாரத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். அது வேருக்கும் கெடுதல், ஏடிஸ் கொசுவுக்கும் தொட்டில். முட்டையிலிருந்து கொசு பறந்து போக ஒரு வாரமே போதும்.

தொடங்கும் காலம்: வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பகுதி ஜனவரியோடு பெரும்பாலும் முடிந்து, பிப்ரவரியில் வானம் சற்றுத் தெளியும். சராசரியில் நம் ஊரில் மழை மிகக் குறைந்த மாதம் அதுதான். புதுச் செடி வேர் பிடிக்க அது நல்ல நேரம்.

நுனி கிள்ளுதல்: கிளையின் நுனியில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி உருவாகி, கீழே உள்ள பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் அந்த அடக்குமுறை நீங்கி, இலைக் கணுவிலிருந்து இரண்டு கிளைகள் புறப்படும். நீங்கள் சமையலுக்குப் பறிப்பதே செடியைப் புதராக்கும். சின்ன முடிச்சுகள்போல மொட்டுகள் தோன்றும்போதே பறித்துவிடுங்கள்.

எவ்வளவு கவனித்தாலும் நம் வெப்பத்தில் மரு நீண்ட நாள் வாழ்வது அரிது. அதனால் செடி நன்றாக இருக்கும்போதே விரல் நீளக் கொழுந்தை வெட்டி, அடி இலைகளை நீக்கி, ஈர மணலில் ஊன்றி, ஒரு வாரிசை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உரத்தையும் அள்ளிப் போடாதீர்கள். கொழுத்த உரமும் தண்ணீரும் கிடைத்தால் இலைகள் பெரிதாக, சாறு நிறைந்து வளரும். ஆனால் மணம் நீர்த்துப்போகும். பல மணச் செடிகளில் இந்தப் போக்கைக் காணலாம்: மிதமான வறட்சியில் இலைகளின் எண்ணிக்கை குறையும், இலையின் எடைக்கு எண்ணெயின் பங்கு கூடும். செடியைக் காய வைத்துக் கொல்லச் சொல்லவில்லை. கொஞ்சம் பசியோடு வைத்திருங்கள் என்கிறேன்.

அடுப்படியில்

சூட்டில் மருவின் மணம் மாறும் என்று பார்த்தோம். எனவே பச்சை மருவை அடுப்பை அணைக்கும் நேரத்தில் சேருங்கள். முட்டைப் பொரியல், தக்காளிச் சாறு, வேகவைத்த உருளைக்கிழங்கு, கோழி சூப் ஆகியவற்றுக்குப் பொருந்தும். ஜெர்மானியர் சாசேஜில் இதைத் தாராளமாகச் சேர்ப்பதால், சாசேஜ் இலை என்றே அங்கே இதற்கு ஒரு பெயர் உண்டு.

இந்த மணப் பொருள்கள் தண்ணீரில் அதிகம் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். நம் வீட்டில் கறிவேப்பிலையை எண்ணெயில் தாளிப்பதன் பின்னால் இருக்கும் வேதியியல் இதுவே. மருவையும் வெதுவெதுப்பான நெய்யிலோ வெண்ணெயிலோ கலந்தால் மணம் உணவெங்கும் பரவும். ஆனால் பச்சை இலையை எண்ணெயில் ஊறப்போட்டுப் பல நாள் வெளியே வைக்காதீர்கள். காற்றில்லாத அந்தச் சூழலில் நச்சுக் கிருமி வளரக்கூடும். அன்றன்று செய்து அன்றே தீர்த்துவிடுங்கள்.

உலர்ந்த மருவுக்கு மணம் அடர்த்தி அதிகம். ஒரு மேசைக்கரண்டி பச்சை இலைக்கு ஒரு தேக்கரண்டி உலர்ந்த இலை சமம். வீட்டில் உலர்த்துவதானால் நேர்வெயிலில் போடாமல், நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். கடையில் சின்னப் போத்தலில் விற்கும் மரு எண்ணெய் வேறு சங்கதி. பெருமளவு இலையின் சாரம் அதில் அடங்கியிருப்பதால் அதைக் குடிக்கவோ உணவில் ஊற்றவோ கூடாது.

மரு கிடைக்கவில்லை என்றால் கற்பூரவல்லியைப் போடலாமா? பாட்டி வீட்டில் சளிக்குக் கஷாயமாகவும் மழை நாளில் பஜ்ஜியாகவும் வந்த அதே தடித்த இலைதான். அதன் அறிவியல் பெயரில் வரும் அம்போய்னிக்கஸ் என்ற சொல் இந்தோனேசியாவின் அம்போன் தீவைக் குறிக்கிறது. ஆனால் மேற்கில் அதைக் கியூபா ஓரிகானோ என்கிறார்கள். காரணம் மணம். பீட்சாமீது தூவும் ஓரிகானோவில் இருக்கும் கார்வக்ராலும், ஓமத்தில் இருக்கும் தைமாலும் கற்பூரவல்லியில் உண்டு. நம் முன்னோர் அதற்கு ஓமவல்லி என்று இன்னொரு பெயர் வைத்தார்கள். ஆய்வுக்கூடம் இல்லாமல், மூக்கை மட்டும் நம்பி, ஓமத்துக்கும் இந்த இலைக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்! ஆகவே ஓரிகானோவுக்குப் பதிலாகக் கற்பூரவல்லி நன்றாகப் பொருந்தும். மருவின் இனிமை அதில் வராது. பயன்படுத்துவதானால் பாதி அளவு போதும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே தாய்ச் செடியிலிருந்து வெட்டி வேர்விட்ட இரண்டு மருச் செடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காதவர்கள் கற்பூரவல்லியில் செய்யலாம். தொட்டி, மண், வெயில் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். முதல் செடிக்குத் தினமும் தண்ணீர். இரண்டாவதுக்கு விரல் சோதனையில் மண் காய்ந்திருந்தால் மட்டும். தினமும் காலையில் சமையலறைத் தராசில் தொட்டிகளை நிறுத்து எழுதுங்கள். எத்தனை கிராம் தண்ணீர் ஆவியாகிறது, மழை நாளில் அது எப்படிக் குறைகிறது என்பது உங்கள் எண்களிலேயே தெரியும்.

ஆறு வாரம் கழித்து இரண்டிலிருந்தும் ஒரே அளவு இலை பறித்து, ஒரே மாதிரி இரண்டு கிண்ணங்களில் கசக்கி, எண் மட்டும் ஒட்டுங்கள். எது எந்தச் செடி என்று சொல்லாமல் வீட்டில் ஐந்து பேரை முகரச் சொல்லுங்கள். ஏன் சொல்லக் கூடாது? தெரிந்துவிட்டால் மூக்குக்கு முன்னால் மனம் முடிவு செய்துவிடும். விடை நான் சொன்னதுபோல வரவில்லையென்றாலும் அப்படியே எழுதுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்பதுதான் அடுத்த சோதனை.

என் வாசலில் இப்போது இரண்டாவது மரு நிற்கிறது. மண் தொட்டி, பாதிக்குப் பாதி மணல். முதல் செடியைவிடச் சிறியது, இலையும் சாம்பல் பூத்ததுபோல் இருக்கிறது. அவ்வப்போது கொழுந்து வாடுவதுபோல் தோன்றும். கை தானாகத் தண்ணீர்க் குவளையைத் தேடும். நான் முதலில் விரலை மண்ணில் விடுகிறேன். பல நாள்களில் குவளையைத் திரும்ப வைத்துவிடுகிறேன். மறுநாள் காலை கொழுந்து நிமிர்ந்திருக்கிறது.